மெலியாகர் தொடுத்த மாலை: கிரேக்க எபிகிராமுக்கு ஓர் அறிமுகம்

கல்லில் எழுதுகிறவனுக்கு இடம் குறைவு. உளி பிடிக்கிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும், கல்லுக்கு விலை கொடுக்க வேண்டும். வழியில் போகிறவனுக்கோ நின்று நிதானமாகப் படிக்கப் பொறுமை கிடையாது. அதனால் கல்லறை வரிகள் சுருக்கமாகத்தான் இருந்தாக வேண்டும்: செத்தது யார், யார் பிள்ளை, எந்த ஊர், எப்படிப் போனார். பண்டைய கிரேக்கர்கள் இதைப் பல நேரம் செய்யுளாகவே வெட்டி வைத்தார்கள். கோயிலுக்கு ஒரு கேடயத்தையோ கிண்ணத்தையோ காணிக்கை கொடுத்தால் அதன் மேலும் ஒரு செய்யுள் ஏறும். இப்படி ஏதோ ஒன்றின் மேல் பொறித்த செய்யுளைத்தான் எபிகிராம் என்றார்கள். அந்த வடிவத்தில் எழுதியும் பிறர் எழுதியதைத் தொகுத்தும் வைத்த கிரேக்கமொழிக் கவிஞர்தான் மெலியாகர்.

இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கடைசி வரியில் சுருக்கென்று குத்தும் நையாண்டித் துணுக்கு. கி.பி. முதல் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய மார்ஷியல் சேர்த்த காரம் அது. அதை மனதில் வைத்துக்கொண்டு கிரேக்க எபிகிராமுக்குள் நுழைந்தால் ஏமாற்றமாக இருக்கும். அங்கே குத்தல் உண்டு. கூடவே ஒப்பாரி உண்டு, காதல் உண்டு, மீனவன் கடவுளுக்குக் கொடுத்த பழைய வலை உண்டு, செத்துப்போன முயல்குட்டியும் உண்டு.

வடிவத்தைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். பெரும்பாலான எபிகிராம்கள் ஈரடி ஈரடியாக நடக்கும். முதல் அடியில் ஆறு சீர், அடுத்ததில் ஐந்து. நம் குறள் வெண்பாவில் நாலு சீருக்குப் பின் மூன்று சீர் வந்து நிற்பதுபோல இங்கேயும் இரண்டாம் அடி சற்று முன்னாலேயே முடிந்துவிடும். அந்தக் குறைவில்தான் முடிப்பு விழுகிறது. குறள் இரண்டே அடி. எபிகிராமில் இரண்டு, நாலு, ஆறு, எட்டு என்று போகலாம். பத்துக்கு மேல் போனால் நீளம் என்று எண்ணப்படும்.

கல்லில் இருந்த எபிகிராம்களில் மிகவும் பேர்பெற்றது தெர்மோபிலேயில் இருந்தது. கி.மு. 480இல் பாரசீகப் படையை எதிர்த்து அந்தக் கணவாயில் மாண்ட ஸ்பார்ட்டா வீரர்களுக்காக வைத்தது. ஹெரோடோட்டஸ் அதைத் தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். பொருள் இவ்வளவுதான்: "அந்நியனே, ஸ்பார்ட்டாக்காரர்களிடம் போய்ச் சொல், அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நாங்கள் இங்கே கிடக்கிறோம்." கவிஞர் சிமோனிடீஸ் எழுதியது என்பது மரபு. இதில் மூன்று பழக்கங்களைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். செத்தவர்களே பேசுகிறார்கள். முன்பின் தெரியாத வழிப்போக்கனைக் கூப்பிடுகிறார்கள். அவனுக்கு ஒரு வேலையும் கொடுத்து அனுப்புகிறார்கள். அக்காலத்தில் பெரும்பாலும் வாய்விட்டே படித்தார்கள் என்பதால், அந்த வழிப்போக்கன் படிக்கும்போது பிணத்துக்குக் குரல் கிடைக்கிறது.

அலெக்சாண்டர் கி.மு. 323இல் இறந்த பிறகு கிரேக்கம் எகிப்து வரைக்கும் சிரியா வரைக்கும் பரவியது. எபிகிராமும் கல்லை விட்டு இறங்கி பாப்பிரஸ் சுருளுக்குள் புகுந்தது. கல்லறையே இல்லாத ஆளுக்குக் கல்லறைச் செய்யுள் எழுதினார்கள், கொடுக்காத காணிக்கைக்கும் எழுதினார்கள். சாமோஸ் தீவின் அஸ்கிளிப்பியாடீஸ் இதே சின்ன வடிவத்தில் காதலையும் குடியையும் கொண்டுவந்தார். தெகேயா ஊர்ப் பெண் அனிட்டே, செல்லப் பிராணிகளுக்கு இரங்கல் எழுதினார். தாரெந்தத்து லியோனிடாஸ் தச்சன், மீனவன், நூல் நூற்கும் கிழவி என்று ஏழை பாழைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அலெக்சாந்திரியாவில் கல்லிமாக்கஸ் இதைக் கூர்தீட்டினார். இப்படி ஏறத்தாழ இருநூறு ஆண்டு ஓடிய பிறகு வருகிறவர்தான் மெலியாகர்.

மூன்று ஊர்க்காரர்

அவர் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவரே சொன்னது. அதையும் தனக்குத்தானே எழுதிக்கொண்ட கல்லறைச் செய்யுள்களில் சொல்லியிருக்கிறார். ஒன்றல்ல, நாலு எழுதி வைத்தார். உயிரோடு இருக்கும்போதே தன் கல்லறைக்கு நாலு வரைவு போட்டுப் பார்த்த மனிதர்! ஒன்றைத் தமிழில் தருகிறேன்:

"தீவு நகரம் தீரு என்னை வளர்த்த தாதி.
பெற்ற ஊர் கதாரா, சீரியர் நடுவே ஓர் ஏதென்ஸ்.
யூக்ரத்தீஸ் பெற்ற மெலியாகர் நான்.
கலைத்தேவியர் துணையோடு மெனிப்பஸின் வழியில் ஓடியவன்.
சீரியன்தான், அதில் என்ன அதிசயம்?
அந்நியனே, நமக்கெல்லாம் உலகம் ஒன்றே ஊர்;
மனிதர் எல்லாரையும் பெற்றது ஒரே ஆதி வெறுமை.
வயது முற்றி, சமாதிக்கு முன்னால் இதை ஏட்டில் எழுதினேன்.
முதுமைக்கு அடுத்த வீடு எமலோகம்தானே.
இந்த வாயாடிக் கிழவனுக்கு ஒரு வணக்கம் சொல்;
நீயும் வாயாடும் கிழவனாகும் வரை இருப்பாய்."

கதாரா இன்றைய ஜோர்டானின் வடமேற்கு மூலையில், உம் கைஸ் என்ற ஊரில் இருக்கிறது. குன்றின் மேல் நின்றால் கீழே கலிலேயாக் கடல் தெரியும். கருங்கல்லில் கட்டிய ரோமர் கால அரங்கம் இன்னும் நிற்கிறது. தமிழ் பைபிளில், பேய் பிடித்தவனும் பன்றிக் கூட்டமும் வரும் மாற்கு சுவிசேஷக் கதையில், "கதரேனருடைய நாடு" என்று வருகிறதே, அது இந்த ஊரின் பெயரால் வழங்கியதுதான். தீருவும் பைபிள் வாசகர்களுக்குப் பழக்கம். பினீசியரின் துறைமுகம், இன்றைய லெபனானில் உள்ளது. மெலியாகர் அதைத் தீவு என்று சொல்கிறார். ஆனால் அவர் பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே, கி.மு. 332இல், முற்றுகைக்காக அலெக்சாண்டர் கடலைத் தூர்த்துப் பாதை போட்டுவிட்டான். கவிதையில் அது இன்னும் தீவுதான்.

கடைசிக் காலத்தில் அவர் குடிபோனது கோஸ் தீவுக்கு. மருத்துவர் ஹிப்போகிராட்டீஸின் ஊர் அது. அங்கே குடியுரிமையும் கிடைத்தது. அவருடைய காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியும் முதல் நூற்றாண்டின் தொடக்கமும். பெரிய பணியான தொகுப்பு நூலை ஏறத்தாழ கி.மு. 100ஐ ஒட்டி முடித்தார்.

"சீரியன்தான், அதில் என்ன அதிசயம்?" என்ற வரியில் கொஞ்சம் நிற்கலாம். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற தொனி அதில் இருக்கிறது. கிரேக்கத்தில் எழுதினாலும் ஊர் சிரியா என்றால் பெரிய ஊர்க்காரர்களுக்கு ஒரு புருவம் உயரும். அந்தப் புருவத்துக்குத்தான் இந்தப் பதில். "உலகமே ஊர்" என்பது அவர் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. சினிக் மரபைச் சேர்ந்த தத்துவவாதிகள் வெகுகாலமாகச் சொல்லிவந்தது. அந்த மரபில் கிண்டலும் போதனையும் கலந்து எழுதிய மெனிப்பஸும் கதாராக்காரர். தன் ஊர்ப் பெரியவரின் கொள்கையை எடுத்துத் தன் ஊரின் மானத்தைக் காக்கிறார் மெலியாகர்.

மெனிப்பஸ் பாணியில் அவர் எழுதிய உரைநடை நூல்கள் அழிந்துபோயின. பருப்புக் கஞ்சியையும் பயறு கூழையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிட்ட ஒரு நூல்கூட இருந்ததாம். இன்னொரு நூலில் அவர் அடித்த ஒரு வேடிக்கையை அத்தினேயஸ் என்ற பிற்கால எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார்: ஹோமரே பிறப்பால் சீரியர். அதனால்தான் டிராய்ப் போரில் கடற்கரையிலேயே பாளையம் போட்டும், கடல் நிறைய மீன் இருந்தும், அவருடைய வீரர்கள் மீனைத் தொடுவதே இல்லை. சீரியர்கள் மீன் தின்னமாட்டார்கள் அல்லவா! கிரேக்கர்களின் மூலக்கவிஞரையே தன் ஊர்ப்பக்கம் இழுத்துக்கொள்கிறார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

இன்னொரு கல்லறைச் செய்யுள் வழிப்போக்கனை மூன்று மொழியில் வணங்குகிறது. நீ சீரியன் என்றால் "சலாம்". பினீசியன் என்றால் அவர்கள் வணக்கம். கிரேக்கன் என்றால் "கைரே". பதிலுக்கு நீயும் அதையே சொல் என்று முடிகிறது. நடுவில் உள்ள பினீசியச் சொல் மட்டும் படியெடுத்தவர்கள் கையில் சிதைந்துவிட்டது. அந்த மொழி அவர்களுக்குத் தெரியாது.

கொசுவும் முயலும்

அவருடைய எபிகிராம்கள் ஏறத்தாழ 130 கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை காதல். ஜெனோஃபிலா, ஹெலியோடோரா என்ற இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். விருந்துகளில் பாடி, யாழ் மீட்டி, பேச்சுத்துணையாக இருந்த பரத்தையராக இவர்களை எண்ணலாம். பதின்வயதுப் பையன்களைப் பற்றியும் நிறைய எழுதினார். வயது வந்த ஆண்கள் அப்படி எழுதுவதை அந்தச் சமூகம் இயல்பாக எடுத்துக்கொண்டது. நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அவற்றைத் தாண்டி, முதலில் ஒரு கொசுவைப் பார்ப்போம்.

கொசுவைப் பற்றி அவர் இரண்டு செய்யுள் எழுதினார். முதலாவது கொசுக்கூட்டத்திடம் மன்றாட்டு: "ரீங்காரமிடும் வெட்கங்கெட்ட கொசுக்களே, மனித ரத்தம் உறிஞ்சிகளே, இரவின் இருசிறகு மிருகங்களே, ஜெனோஃபிலா கொஞ்சம் தூங்கட்டும், விடுங்கள். வேண்டுமானால் இதோ என் சதை, தின்னுங்கள்." உடனே தன்னைத்தானே நொந்துகொள்கிறார். யாரிடம் போய் வீணாகப் பேசுகிறேன், ஈவிரக்கமில்லாத மிருகத்துக்குக்கூட அந்த மெல்லிய மேனியின் கதகதப்பு பிடிக்கத்தானே செய்யும் என்று. பிறகு மிரட்டல்: அட்டகாசத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பொறாமை கொண்ட கையின் பலம் தெரியும். மொத்தமே எட்டு வரி. அதற்குள் கெஞ்சல், சலிப்பு, சவால் மூன்றும் முடிந்துவிட்டன. எல்லாம் ஒரே ஓர் அடி அடித்தால் தீர்கிற விஷயத்துக்கு.

அடுத்ததில் அதே கொசு தூதுவன்:

"பற கொசுவே, என் விரைவுத் தூதனே,
ஜெனோஃபிலாவின் காது நுனியைத் தொட்டு இதை முணுமுணு:
'அவன் தூங்காமல் காத்திருக்கிறான்,
நீ காதலனை மறந்து தூங்குகிறாய்.'
போ, பாட்டுக்காரா, பற!
ஆனால் மெல்லப் பேசு, பக்கத்தில் படுத்திருப்பவனை எழுப்பிவிடாதே,
அவன் பொறாமை என் மேல் திரும்பும்.
அவளை மட்டும் கூட்டிவந்தால், கொசுவே,
உனக்குச் சிங்கத்தோல் போர்த்தி,
கையில் ஒரு கதாயுதமும் தருவேன்."

கொசு எப்படியும் காதருகில்தான் பாடும். அந்த நச்சரிப்பையே ரகசியச் செய்தியாக மாற்றிவிட்டார். "தூங்குகிறாள்" என்று தொடங்கியவர் போகிற போக்கில்தான் சொல்கிறார், அவள் தனியாகத் தூங்கவில்லை, பக்கத்தில் வேறொருவன் இருக்கிறான் என்று. அதற்கு மேல் புலம்பவில்லை. சிங்கத்தோலும் கதாயுதமும் ஹெராக்கிளீஸின் அடையாளங்கள். சிங்கத்தைக் கொன்று, பாதாளத்தின் காவல் நாயை இழுத்துவந்த மாவீரன் அவன். இன்னொருவன் படுக்கையிலிருந்து ஜெனோஃபிலாவை எழுப்பிக் கொண்டுவருவது அந்த வீரச்செயல்களின் வரிசையில் சேரும் என்பது கவிஞரின் கணக்கு. கதாயுதம் தூக்கிய கொசுவை நினைத்துச் சிரித்து முடிப்பதற்குள், இந்த ஆள் இன்றிரவு தனியாகத்தான் கிடக்கப்போகிறான் என்பதும் புரிந்துவிடுகிறது.

முன்னால் சொன்ன கல்லறைப் பழக்கங்களை இங்கே பொருத்திப் பாருங்கள். போகிற ஒருவனைக் கூப்பிடுவது, செய்தி கொடுத்து அனுப்புவது. தெர்மோபிலேயில் இறந்த வீரர்கள் செய்ததை மெலியாகர் ஒரு கொசுவிடம் செய்கிறார். அக்கால வாசகருக்கு அந்தப் பழைய குரல் பின்னால் கேட்டிருக்கும். எபிகிராமை ரசிக்க வேண்டியது இப்படித்தான் என்பேன்: மரபு கொடுத்த சட்டகம் எது, அதில் கவிஞர் கொண்டுவந்து வைத்த பொருள் எது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காதல் தேவன் ஈரோஸ் இவரிடம் படாத பாடு படுவான். ஒரு செய்யுளில் ஈரோஸைக் காணவில்லை என்று ஊரில் அறிவிப்புச் செய்கிறார்: விடியற்காலையில் படுக்கையிலிருந்து ஓடிப்போனான், கண்ணீரிலும் இனிப்பு, ஓயாத வாய், பயமே கிடையாது, முதுகில் சிறகு, அப்பன் யார் என்று தெரியவில்லை, வானமும் பூமியும் கடலும் என் பிள்ளை இல்லை என்கின்றன. கடைசியில் ஆள் அகப்படுகிறான், ஜெனோஃபிலாவின் கண்ணுக்குள் பதுங்கியிருக்கிறான். இன்னொன்றில் குழந்தை ஈரோஸை விற்பனைக்கு வைக்கிறார். வளர்க்கக் கட்டுப்படியாகவில்லை, கப்பலேறும் வியாபாரி யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். குழந்தை அழ ஆரம்பித்ததும் மனசு இளகி, சரி விற்கவில்லை, ஜெனோஃபிலாவுடன் இங்கேயே இரு என்று விட்டுவிடுகிறார். ஓடிப்போன அடிமையைத் தேடும் அறிவிப்பும் அடிமைச் சந்தையும் அந்த ஊர்களின் அன்றாடக் காட்சி என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது. விளையாட்டுக்கு எடுத்த சாமான் அங்கிருந்து வந்ததுதான்.

ஹெலியோடோராவைப் பற்றியவை வேறு மாதிரி. அவற்றை அடுத்தடுத்துப் படித்தால் ஒரு கதை மெல்லத் திரண்டுவரும். ஒன்றில் வெண்ணிற வயலட், நார்சிசஸ், லில்லி, குங்குமப்பூ, ஹயசிந்த், ரோஜா என்று பூவாக எடுத்து அவளுக்கு மாலை தொடுக்கிறார். இன்னொன்று இரண்டே அடி: "ஹெலியோடோராவின் தலையில் மாலை வாடுகிறது. அவளோ ஒளிர்கிறாள், மாலைக்கே மாலையாக." வேறொன்றில் பூவை விட்டு அவள் மேனியில் வந்து உட்காரும் தேனீயிடம் பேசுகிறார். அவளிடம் தேனும் உண்டு, கொடுக்கும் உண்டு என்று சொல்லத்தானே வந்தாய், திரும்பிப் போ, அது எங்களுக்கு எப்போதோ தெரியும் என்கிறார். பிறகு அவள் அருகில் இல்லாத ஓர் இரவில், "ஊற்று, ஊற்று, ஹெலியோடோரா பேரைச் சொல்லி ஊற்று" என்று மது கேட்கிறார். அவள் என் மார்பில் இல்லாமல் வேறெங்கோ இருப்பதைப் பார்த்து நேற்றைய மாலையின் ரோஜா அழுகிறது என்கிறார்.

கடைசியில் அவள் இறந்துபோகிறாள். பத்து வரியில் ஒப்பாரி:

"ஹெலியோடோரா, மண்ணுக்கு அடியில் இருக்கும் உனக்குக்
கண்ணீர் தருகிறேன், காதலில் மிஞ்சியது இதுதான்…
எங்கே, ஐயோ, நான் ஆசைப்பட்ட தளிர் எங்கே?
பறித்துக்கொண்டான், எமன் பறித்துக்கொண்டான்.
பூத்த பூவில் புழுதி படிந்துவிட்டது.
எல்லாரையும் வளர்க்கும் மண்ணே, தாயே, உன்னைக் கேட்கிறேன்,
எல்லாரும் அழும் இவளை மெதுவாக உன் மடியில் அணைத்துக்கொள்."

இதில் கொசு விளையாட்டின் சாயலே இல்லை. "மண்ணே, அவள்மேல் பாரமாக அழுத்தாதே" என்பது கல்லறைகளில் சகஜமாக வரும் வேண்டுதல். அதை அவர் தாயிடம் கேட்கும் கெஞ்சலாக மாற்றியிருக்கிறார். ஹெலியோடோரா நிஜமா, கற்பனையா என்று அறிஞர்கள் வாதாடுவதில் எனக்கு அக்கறை இல்லை. பூ, மாலை, ரோஜா, தளிர் என்று பல செய்யுள்களில் சேர்த்து வைத்த சொற்களையெல்லாம் இந்தப் பத்து வரியில் புழுதியில் போடுகிறார். அதைச் செய்யத் தெரிந்தவருக்கு நிஜ ஆள் தேவைப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

கல்யாண ராத்திரியில் இறந்த கிளியரிஸ்டா என்ற மணப்பெண்ணுக்கும் ஓர் இரங்கல் உண்டு. மாலையில் வாசலில் குழல் ஊதியது, விடியலில் அதே வாசலில் அழுகை. மணவறைக்கு வெளிச்சம் காட்டிய அதே தீவட்டிகள் பாதாளத்துக்கும் வழிகாட்டின என்று முடிகிறது.

இனி முயல். இறந்த முயலே பேசுகிறது, கல்லறை மரபுப்படி. தாயின் மடியிலிருந்து பறித்துக்கொண்டு வந்த நீளக்காதுக் குட்டியை ஃபானியோன் என்ற பெண் நெஞ்சோடு அணைத்து, வசந்தகாலப் பூக்களாக ஊட்டி வளர்த்தாள். அம்மா நினைப்பே எனக்கு வரவில்லை என்கிறது முயல். எப்படிச் செத்தாய்? தின்றே செத்தேன், ஓயாத விருந்தில் கொழுத்துப்போய். கனவிலும் என் சமாதி தெரிய வேண்டும் என்று அவள் தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே என்னைப் புதைத்தாள். அனிட்டே தொடங்கி வைத்த செல்லப்பிராணி இரங்கல் இது. அவர் பாட்டில் துக்கம் கொஞ்சம் நேராக இருக்கும். மெலியாகரிடம் "தின்று செத்தேன்" என்ற வாக்குமூலம் சிரிப்பைக் கிளப்பிவிடும். அதற்குப் பிறகும் அந்தக் கட்டிலோரச் சமாதி மனதில் நிற்கிறது.

நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே மாலையில்

இவ்வளவுதான் செய்திருந்தால் நல்ல கவிஞர் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவர் செய்த பெரிய காரியம் வேறு. தனக்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் எழுதிய கவிஞர்களின் எபிகிராம்களைத் தேடி எடுத்து, தன்னுடையவற்றையும் கலந்து, "மாலை" என்ற பெயரில் ஒரு தொகுப்பு செய்தார். அதன் முன்னுரையும் செய்யுள்தான். நாற்பதுக்கும் மேற்பட்ட கவிஞர்களைப் பெயர் சொல்லி, ஆளுக்கொரு செடியோ பூவோ கனியோ தருகிறார்.

கேட்கும்போது வெறும் அலங்காரப் பட்டியல் மாதிரி தோன்றும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் இலக்கிய விமர்சனம். சாப்ஃபோவிடமிருந்து எடுத்தது கொஞ்சம்தான், ஆனால் ரோஜா என்கிறார். கல்லிமாக்கஸுக்குத் தந்தது மிர்ட்டில், இனிமையானது, ஆனால் உள்ளே காரமான தேன். கல்லிமாக்கஸைப் படித்தவர்கள் தலையாட்டுவார்கள். ஊரையே வசைபாடிய ஆர்க்கிலோக்கஸுக்கு முள். லியோனிடாஸுக்கு ஐவிக் கொடியின் கொத்து. இளம்வயதிலேயே இறந்ததாகச் சொல்லப்படும் கவிஞர் எரின்னாவுக்குக் கன்னிப்பெண்ணின் நிறம் கொண்ட குங்குமப்பூ. தனக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த பினீசியக் கவிஞர், சீதோன் ஊர் அந்திப்பாட்டருக்கு மருதாணிப்பூ. தன் பக்கத்து ஊர்க்காரருக்குத் தன் ஊர்ப்பக்கத்துச் செடி! தனக்கு? ஆரம்பப் பருவத்தில் பூக்கும் வெண்ணிற வயலட்.

தொடுப்பதில்தான் அவர் திறமை. முன்னோர் ஒருவரின் செய்யுளை வைத்து, அடுத்து அதே பொருளில் இன்னொருவர் எழுதியதை வைத்து, அதற்கும் அடுத்துத் தன்னுடையதை வைப்பார். தனியாகப் படித்தால் சாதாரணமாகத் தெரியும் ஒன்று, பக்கத்தில் இருப்பதோடு சேரும்போது பதிலாகவோ கேலியாகவோ மாறும். பிற்காலத்துத் தொகுப்பாளர்கள் அவருடைய நூலைப் பிரித்துப் போட்டாலும் சில நீண்ட பகுதிகளைக் கலைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டதால், இந்த வரிசையின் நுட்பம் இன்றும் தெரிகிறது. நூல் முடிவில் எழுத்தர்கள் போடும் சுழிக்குறி ஒன்று உண்டு. அந்தக் குறியையே பேசவைத்து ஒரு செய்யுள் எழுதினார்: பாம்பு முதுகுபோல் சுருண்டு நூலின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் காவல்காரன் நான், மெலியாகர் எல்லாக் கவிஞர்களின் உழைப்பையும் ஒன்றாகத் தொடுத்து முடித்துவிட்டார் என்கிறது அது. கல் பேசிய மரபு கடைசியில் நிறுத்தக்குறி பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது.

அந்த மாலை மூல வடிவில் இன்று இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் தெசலோனிக்காவின் பிலிப் அதைப் பார்த்து இன்னொரு மாலை தொடுத்தார். ஏறத்தாழ 900ஐ ஒட்டிக் கான்ஸ்டான்டினோபிளில் கெஃபாலாஸ் என்பவர் இந்தத் தொகுப்புகளையெல்லாம் சேர்த்துப் பெரிய நூலாக்கினார். அதிலிருந்து பத்தாம் நூற்றாண்டில் எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்றை, 1606ஐ ஒட்டி ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நூலகத்தில் சால்மேசியஸ் என்ற பிரெஞ்சு மாணவர் கண்டெடுத்தார். அதுவரை ஐரோப்பா படித்துவந்தது பிளானுடீஸ் என்ற துறவி 1300ஐ ஒட்டித் தொகுத்த, வெட்டிச் சுத்தப்படுத்திய பதிப்பைத்தான். ஹைடெல்பெர்க் பிரதிக்கு அதன்பின் ஊர்சுற்றும் யோகம். முப்பதாண்டுப் போரில் நகரம் வீழ்ந்ததும் 1623இல் நூலகமே போப்புக்குப் பரிசாக ரோம் போனது. 1797இல் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸுக்கு எடுத்துப்போனார்கள். 1816இல் பெரும்பகுதி ஹைடெல்பெர்க் திரும்பியது. பிரதியை இரண்டாகக் கட்டியிருந்ததால் சின்னப் பகுதி பாரிஸிலேயே தங்கிவிட்டது. இன்றும் அப்படித்தான், ஒரே நூல் இரண்டு நாட்டில்.

படிக்க நினைக்கிறவர்களுக்கு, "கிரேக்கத் தொகைநூல்" (The Greek Anthology) என்று இன்று வழங்கும் இந்தப் பெருந்தொகுப்புக்கு ஆங்கிலத்தில் பேட்டன் என்பவர் 1916 முதல் 1918 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட உரைநடை மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் நான்காம் புத்தகத்தின் (தொகுப்பின் உட்பிரிவுகளைப் புத்தகம் என்பார்கள்) தொடக்கத்தில் உள்ள மாலை முன்னுரையைப் படியுங்கள். காதல் செய்யுள்கள் ஐந்தாம் புத்தகத்தில், கல்லறைச் செய்யுள்களும் முயலும் ஏழாம் புத்தகத்தில். பேட்டனின் ஆங்கிலம் இப்போது பழையதாகத் தெரியும், ஆனால் மனிதர் விஷயம் தெரிந்தவர். இதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1891இல், மெலியாகர் முதுமையைக் கழித்த அதே கோஸ் தீவின் கல்வெட்டுகளை ஹிக்ஸ் என்பவரோடு சேர்ந்து பதிப்பித்திருந்தார். ஒன்று மட்டும்: நடுவே சில செய்யுள்களுக்கு நேராக ஆங்கிலத்துக்குப் பதில் லத்தீன் இருக்கும். அச்சுப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் சொல்லக் கூச்சமான இடங்களை அவர் லத்தீனில் பெயர்த்துவிட்டார்.